யாரும் எடுக்காத கோலாக் கொட்டை

டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் காபி வாங்கப் போனால் காசு கொடுத்தால் மட்டும் போதாது, பெயரையும் கொடுக்க வேண்டும். அதைக் கோப்பையில் எழுதிவைத்து, காபி தயாரானதும் கடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய கூச்சமாக இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் எந்தக் கடையில் பெயரைக் கேட்டுவிட்டு டீ ஆற்றினார்கள்? நல்ல வேளை, என் பெயர் ஜாய்ஸ். எங்கள் பக்கத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பாதிரியார்கள் விட்டுப்போன பெயர்களில் ஒன்று என்பதால் அமெரிக்கர்களுக்கு அதை எழுதுவதில் சிரமம் இல்லை. திண்டாட்டமெல்லாம் என் பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான். அவள் பெயர் ங்கோசி. நைஜீரியாவின் இக்போ இனத்தவள், பல் மருத்துவர். அவள் கோப்பையில் ஒரு நாள் 'கோசி' என்று இருக்கும், ஒரு நாள் 'நாசி', ஒரு தடவை 'ஏஞ்சலா'. ஏஞ்சலா எங்கிருந்து வந்தாள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நான் முதல் தடவையே அவள் பெயரைச் சரியாகச் சொன்னதில் அவளுக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் அரிச்சுவடியில் 'ங' என்று ஓர் எழுத்து உண்டு, அதில் ஆரம்பிக்கிற வார்த்தை எதையும் நான் பேசிப் பழகியதில்லை, உன்னால்தான் அதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்றேன். வாசலில் நின்றபடியே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெயருக்கு ஆசீர்வாதம் என்று அர்த்தமாம். என் வீட்டுக்காரர் பெயர் ஆசீர். அர்த்தத்தைச் சொன்னதும் அவள் மறுபடியும் சிரித்தாள். அப்புறம் பேசப் பேசத் தெரிந்தது, எங்கள் கொள்ளுத்தாத்தாக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஒரே மிஷன் என்று. அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு ராகத்தை முணுமுணுப்பாள், நான் அதே ராகத்தில் தமிழ் வரிகளைப் பாடுவேன். டெக்சாஸில் ஒரு சமையலறையில் இக்போவும் தமிழும் ஒரே மெட்டில் போய்க்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் எனக்கு மனதாரப் பிடித்த ஒன்று உண்டு. இங்கே வெள்ளைக்காரர்களோ கறுப்பர்களோ யாரும் என்னை "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்பதில்லை. இந்தியாவா என்பார்கள், ஆமாம் என்பேன், பட்டர் சிக்கன் தங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நம்மவர்கள் கூடுகிற இடத்தில் கதை வேறு. ஒரு பொங்கல் விழாவில் பாயசக் கிண்ணத்தோடு ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நேட்டிவ் எங்க?" "திருநெல்வேலி." "திருநெல்வேலில?" "பாளையங்கோட்டை பக்கம்." "ஓ, கிறிஸ்டியன்ஸா? எந்த சர்ச்?" சர்ச்சைச் சொன்னால் தெருவைச் சொன்ன மாதிரி, தெருவைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்ன மாதிரி. நான் இன்னும் கொஞ்சம் பாயசம் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். எங்கள் குடும்பம் ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த தெருவிலிருந்து வந்தது. தமிழில் படிக்கிற உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பொது நூலகத்தில் மாதம் ஒரு தடவை வாசகர் வட்டம் கூடும். ங்கோசிதான் என்னை அதில் இழுத்துவிட்டாள். இந்த வருஷம் ஆப்பிரிக்க நாவல்கள் படிக்கிறார்கள் என்றாள், நானும் போனேன். ஓர் இக்போ நாவல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்த ஓர் ஊர். அங்கே நிலத்தகராறுகளைத் தீர்த்துவைக்கிற ஒரு பெரிய மனிதர். கிழங்கு அறுவடைத் திருவிழா, முகமூடி ஆட்டம், பெண்களின் சந்தை என்று முதல் பாதி அவ்வளவு செழிப்பாக இருக்கும். அப்புறம் பாதிரியார் வருகிறார், வரி வருகிறது, கோர்ட் வருகிறது. பெரியவரின் மகன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாகிறான். வரி கொடுக்க மறுத்த தகப்பனுக்குச் சிறை என்று வெள்ளைக்கார நீதிபதி சொன்ன தீர்ப்பை, தகப்பனுக்கு அவர் மொழியில் எடுத்துச் சொல்வது அந்த மகன்தான். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். நல்ல நாவல், மறுக்கவே முடியாது.

வட்டத்தில் லிண்டா என்று ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் உண்டு, மிக நல்ல மனுஷி. "எவ்வளவு அழகான உலகம், இப்படி அழிந்துபோய்விட்டதே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். ங்கோசி மட்டும் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தை எடுத்தாள். பாதிரியார் புதிதாகக் கட்டிய கோயிலுக்கு முதன்முதலில் யார் போனார்கள் என்று சொல்கிற பத்தி அது. தெய்வத்தின் காட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள், சடை பிடித்த தலையோடு வரிசையாக உள்ளே போகிறார்கள், ஊர் பார்த்துச் சிரிக்கிறது. "எங்கள் ஆட்கள் இந்தப் பத்தியில் இருக்கிறார்கள்" என்றாள் ங்கோசி. "ஏன் அவர்கள் தலை இப்படி இருந்தது என்று எழுதியவர் சொல்லவில்லை. பத்தி முடிந்ததும் கதை திரும்பவும் பெரிய வீட்டுக்குப் போய்விடுகிறது." லிண்டா பேச்சை மாற்ற நினைத்து என் பக்கம் திரும்பினார்: "உங்கள் ஊரிலும் இப்படி அழகான மரபுகள் இருந்திருக்குமே, ஜாய்ஸ்?" "இருந்தது. எங்கள் தெருவுக்குள் மட்டும் வராது" என்றேன். "ஓ, ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனி மரபா! ஹவ் வொண்டர்ஃபுல்!" என்று அவர் முகம் மலர்ந்தது. ங்கோசி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் உண்மையில் சிநேகமானது அன்றைக்குத்தான்.

அவளுக்கு ஒரே மகன், உச்சே. ஹூஸ்டனில் இன்ஜினீயர். அங்கே சர்ச் பாடகர் குழுவில் அமாக்கா என்ற பெண்ணைப் பார்த்து இருவருக்கும் பிடித்துப்போனது. அவளும் இக்போதான், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாய் இல்லாத பெண், அப்பா ஒருவரே வளர்த்து ஆளாக்கியவள். "அப்பா என் கையைப் பிடித்துக் கூட்டிவராமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்று முதல் நாளே உச்சேயிடம் சொல்லிவிட்டாளாம். ங்கோசியும் அவள் கணவர் எமேகாவும் ஹூஸ்டனுக்குப் போய் முறைப்படி பெண் கேட்டுவிட்டு வந்தார்கள். அடுத்தது பெண் வீட்டார் விசாரிக்க வேண்டும். நம் ஊரில் மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்கிறோம் இல்லையா, அதே வேலைதான். நைஜீரியாவில் இருக்கிற சொந்த ஊருக்கு போன் போட்டு, யார் பிள்ளை, எந்த வகையறா என்று தோண்டுவார்கள். விசாரணை முடிந்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெண்ணின் அப்பாவும் அவருடைய அண்ணன்மார் இருவரும் ஃபிரிஸ்கோவுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வந்து உட்கார்ந்து இவர்கள் வீட்டில் கோலா எடுத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி என்றாள் ங்கோசி.

கோலா என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது பாட்டிலில் வருகிற பானம்தான். அவள் பிரிட்ஜிலிருந்து எடுத்துக் காட்டினாள். பலாக்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது, ரோஸ் நிறம். பிரித்தால் சுளை சுளையாக வரும். வீட்டுக்கு யார் வந்தாலும் மரத்தட்டில் இதை வைத்து நீட்டி, இக்போவில் ஜெபம் பண்ணி, உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுக்க வேண்டும். வேர்க்கடலையும் மிளகாயும் சேர்த்து அரைத்த விழுது தொட்டுக்கொள்ள. எங்கள் வெற்றிலை பாக்கு மாதிரியா என்று கேட்டேன். "அதைவிடப் பெரிது. கோலா எடுக்காத இடத்தில் பேச்சே ஆரம்பிக்காது" என்றாள். உடைப்பது ஆண்கள் வேலை, பெண்கள் கை வைக்கக் கூடாது. "நீயும் வா, ஆனால் அவசரப்படாதே. பெண்களுக்குக் கடைசியில்தான் வரும்" என்று எச்சரிக்கையும் செய்தாள்.

அமாக்காவின் அப்பாவுக்குத் தட்டைப்பயறை அரைத்துச் சுடுகிற வடை என்றால் உயிராம். அவர்கள் அதை அக்காரா என்பார்கள், நமக்கு வடைதான். அதைச் சுடுகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஹூஸ்டனிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்த மூன்று பேரும் எம்பிராய்டரி போட்ட நீள அங்கியும் தொப்பியுமாக வந்து இறங்கினார்கள். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூத்தவர் காரின் பின்கதவைத் திறந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். வீட்டுக்கு விருந்துக்கு வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீரையும் கையோடு கொண்டுவருவார்களா? பார்த்ததை ங்கோசியிடம் சொல்லவில்லை. அவள் மேசைமேல் இருந்த ஆப்பிரிக்கத் துணியை ஐந்தாறு தடவை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

எமேகா சாதுவான மனிதர், பேங்க் உத்தியோகம், அதிர்ந்து பேச மாட்டார். அன்றைக்கு அவர் குரல் நன்றாகவே எழுந்தது. தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நீளமாக ஜெபம் பண்ணினார். வாசலோரம் நின்ற உச்சே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமென் மாதிரி ஒரு சத்தம் கொடுத்தான். விருந்தாளிகளிடமிருந்து அந்தச் சத்தம் வரவில்லை. எமேகா கொட்டைகளைப் பிரித்து மூத்தவர் முன் நீட்டினார். மூத்தவர் தட்டை வாங்கிப் பார்த்தார். "எனக்கு பிளட் பிரஷர். டாக்டர் கஃபீன் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அடுத்தவரிடம் தள்ளினார். அடுத்தவருக்கு வயிற்றில் புண்ணாம். தட்டு அமாக்காவின் அப்பாவிடம் போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை அசைத்துத் திருப்பிக் கொடுத்தார். எமேகா நிறைந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகத் தலைமையாசிரியர் ஆனவர். வேறு ஊருக்கு மாற்றலாகி அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டினார். புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு அப்பாவோடு வேலை பார்க்கிற வாத்தியார்கள் எல்லாரும் வந்தார்கள். வரவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி வந்தார்கள். அம்மா அதற்கென்றே வாங்கிய புது எவர்சில்வர் தம்ளர்களில் ஏலக்காய் போட்டு டீ கொண்டுபோனாள். ஒருவர் "இப்பதான் சார் குடிச்சிட்டு வாரேன்" என்றார். ஒருவருக்கு டீ சேராது. ஒருவருக்கு விரதம். தட்டு அப்படியே சமையலறைக்குத் திரும்பி வந்தது. "குடிங்க பிள்ளைகளா, வீணாப் போவுதுல்லா" என்று அம்மா எங்களிடம் கொடுத்தாள். நாங்கள் சிறுபிள்ளைகள், ஆளுக்கு இரண்டு மூன்று தம்ளர் டீ கிடைத்த சந்தோஷத்தில் குதித்தோம். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு பல வருஷங்கள் அந்த மனிதர்களின் முகங்களை நினைத்து நினைத்து எரிந்திருக்கிறேன்.

ஆகவே டாக்டர், கஃபீன் என்ற வார்த்தைகள் காதில் விழுந்ததும் எனக்கு யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அடுப்பை அணைத்தேன். கையில் பயற்றுமாவு காய்ந்துபோயிருந்தது. அப்படியே ஹாலுக்குள் நடந்து போய், "எமேகா, எனக்கு ஒரு துண்டு கொடுங்கள்" என்றேன். அவர் கொடுக்கக்கூட இல்லை, நானே எடுத்துக்கொண்டேன். என்ன கசப்பு! விழுதைத் தொட மறந்துவிட்டேன். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது, மென்றேன். மென்றுகொண்டே இன்னொரு துண்டையும் எடுத்தேன். மூத்தவர் பெரிய மனதோடு சிரித்தார். "மேடம், எங்கள் வழக்கத்தில் பெண்கள் முதலில் எடுக்கக் கூடாது. பரவாயில்லை, உங்களுக்குத் தெரியாது." "தெரியும் அங்கிள். நீங்கள் எடுப்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன்" என்றேன். இரண்டாமவர் என்ன நினைத்தாரோ, உண்மையான அக்கறையோடு, "உங்கள் ஊரிலும் கோலா உண்டா?" என்று கேட்டார். "உண்டு. அங்கே அதற்கு டீ என்று பெயர்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லது என்பது போலத் தலையாட்டினார்.

அப்போதுதான் அமாக்காவின் அப்பா கையை நீட்டினார். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் வாயில் போடவில்லை. அங்கிக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து அதில் துண்டைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்ட ஒரு துண்டைக் கொண்டுபோவதும் அவர்கள் வழக்கத்தில் உண்டாம். எடுத்தாரா, எடுக்கவில்லையா? அண்ணன்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிராபிக் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று எழுந்தார்கள். வடை ஆறிக்கொண்டிருந்தது.

கார் போனதும் ங்கோசி என்மேல் பாய்ந்தாள். "உன்னை யார் போகச் சொன்னது? இப்போது ஹூஸ்டன் முழுக்கச் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டில் கோலா எடுக்க ஆள் இல்லை, ஓர் இந்தியாக்காரியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள்!" எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவ ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளும் வந்து பக்கத்தில் நின்று துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள். ஓசு. ஒரு காலத்தில் தெய்வத்துக்கென்று நேர்ந்துவிடப்பட்டவர்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாகத் தெய்வத்தின் சொத்து. ஊரோடு உட்காரக் கூடாது, ஊரில் பெண் எடுக்கக் கூடாது, செத்தால் ஊர் மண்ணில் புதைக்கக் கூடாது. முடி வெட்டவும் கூடாது. வாசகர் வட்டத்தில் அவள் காட்டிய அந்தச் சடைத்தலைகள் இவர்கள்தான். சட்டம் எப்போதோ ஒழித்துவிட்டது. போன் போட்டு விசாரிக்கிறவர்கள் ஒழிக்கவில்லை. "என் கணவரின் கொள்ளுத்தாத்தா கோயிலுக்குள் போன அன்றுதான் ஒரு பாதிரியார் அவர் முடியை வெட்டினார். வெட்டினால் செத்துப்போவார் என்று ஊர் வெளியே காத்திருந்ததாம். சாகவில்லை. அ, ஆ எழுதக் கற்றுக்கொண்டார்" என்றாள்.

எனக்கு அந்த நாவலின் தகப்பன் ஞாபகத்துக்கு வந்தார். அவர் இழந்தது பெரிய இழப்புதான், நான் அழுத அழுகையும் பொய்யில்லை. வெள்ளைக்காரன் நியாயவானும் இல்லை. எமேகாவின் கொள்ளுத்தாத்தாவையும் சேர்த்துத்தான் ரோடு போட அடித்து இழுத்துப் போனான் என்று ங்கோசியே சொன்னாள். எங்கள் ஊர்க் கோயிலும் ஒழுங்கு ஒன்றும் இல்லை. ஞானஸ்நானம் ஒரே தண்ணீரில், கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு. இருந்தாலும் ஊர் உடைந்தது என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் ஊருக்கு நடுவில் நின்றுகொண்டு எழுதுகிறார்கள் என்று ஒரு கோபம் எனக்கு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அது உடைந்த மாதிரியும் தெரியும், திறந்த மாதிரியும் தெரியும். இதை ங்கோசியிடம் சொன்னேன். "அப்படியானால் நீயே எழுது" என்றாள், இன்னும் கோபம் ஆறாத குரலில்.

வீட்டுக்கு வந்து ஆசீரிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏட்டி, உனக்கு எதுக்கு இந்த வேல? கல்யாணம் நின்னா பழி உன் தலையிலல்லா வந்து விழும்" என்றார். "தட்டு திரும்பி வாரதப் பாத்துக்கிட்டு சும்மா நிக்கச் சொல்லுதீங்களா?" என்று சண்டைக்குப் போனேன். எங்கள் மகள் ரூத் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "மாம், தே ஆர் நாட் ஈவன் ஃபேமிலி" என்றாள். வாய்தான் சண்டை போட்டதே தவிர, உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. நான் போய்த் தலையிடாமல் இருந்திருந்தால் அவர்கள் ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பார்களோ? அமாக்காவின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேனோ? வேலியோரம் ங்கோசியின் தலை தெரிந்தால் கையசைப்பேன், அவளும் அசைப்பாள். வாசகர் வட்டத்துக்கு இருவருமே போகவில்லை.

சில வாரங்கள் கழித்து உச்சே வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். "ஆண்ட்டி, கல்யாணம் உண்டு. சர்ச்சில் மட்டும்" என்றான். அமாக்காவின் அப்பா அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவரச் சம்மதித்துவிட்டார். அண்ணன்மார் வர மாட்டார்கள், வகையறாவில் யாரும் வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். வகையறா உட்காராமல் இக்போ முறைக் கல்யாணம் நடக்காது. அதில் பெண் ஒரு கோப்பையில் பனங்கள் ஏந்தி, கூட்டத்துக்கு நடுவே மாப்பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். ஒளிந்து உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையை அவள் தேடுவதைப் பார்த்து ஊரே கேலி பண்ணிச் சிரிக்குமாம். அதற்கென்று ங்கோசி முன்னமே பவளமணியும் துணியும் வரவழைத்து வைத்திருந்தாள். "கொள்ளுத்தாத்தாவுக்குத் திறந்த அதே ஒரு கதவுதான் என் மகனுக்கும்" என்று அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கல்யாணம் நிற்கவில்லையே என்ற நிம்மதியும் அந்த அழுகையில் இருந்தது.

ஹூஸ்டனுக்குக் குடும்பத்தோடு போனோம். நான் அரக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். லிண்டாவும் வாசகர் வட்டத்தில் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். சர்ச்சுக்குள் நுழையும்போது வாசலில் நின்ற பையன், பெண் பக்கமா மாப்பிள்ளை பக்கமா என்று கேட்டான். இதில் என்ன சந்தேகம், மாப்பிள்ளை பக்கம் என்று நிமிர்ந்து சொன்னேன். போய் உட்கார்ந்தோம். சுற்றிலும் பெஞ்சு முழுக்க ஆட்கள், தலையில் கோபுரம் கோபுரமாகக் கட்டிய பளபளக்கும் துணிகள், சிரிப்பு, குழந்தைகள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். முன்வரிசை காலி. அதற்குப் பின்னால் அமாக்காவோடு வேலை பார்க்கிற நர்ஸுகள் நாலைந்து பேர். ஓர் ஓரமாக ஒரு வயதான அத்தை, யாருக்கும் சொல்லாமல் வந்தவர் போலக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. மீதிப் பெஞ்சுகள் எல்லாம் பாலிஷ் மின்ன வெறுமனே கிடந்தன.

ங்கோசி நடைபாதையில் விறுவிறுவென்று எங்களிடம் வந்தாள். "ஜாய்ஸ், ஓர் உதவி. நீங்களெல்லாம் அந்தப் பக்கம் போய் உட்காருங்கள்." நான் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பெஞ்சிலா? தட்டைத் திருப்பி அனுப்பினார்களே, அவர்கள் இடத்திலா? என்னால் முடியாது. நான் உன் ஆள்." அவள் என் தோளைப் பிடித்தாள். "என் ஆள் என்றால் போ. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் இந்தக் கதவு வழியாக நடந்து வரப்போகிறாள். முதலில் தன் பக்கத்தைத்தான் பார்ப்பாள்." ஆசீர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். ரூத்தும் அவர் பின்னால் போனாள். லிண்டாவுக்குப் பாதிதான் விளங்கியது, ஆனாலும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வட்டத்து ஆட்களைத் திரட்டி அழைத்துவந்தார். நான் கடைசியாகப் போய் உட்கார்ந்தேன். வயதான அத்தை நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். ஆர்கன் ஆரம்பித்தது. அமாக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ங்கோசி சொன்னபடியே முதலில் எங்கள் பக்கம்தான் பார்த்தாள். ஒரு நொடி அவள் நடை தடுமாறியது, அப்பாவின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவர் நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தார், கன்னம் நனைந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் போட்டோக்காரர் பீடத்துக்கு முன்னால் நின்று பெண் வீட்டாரை முதலில் கூப்பிட்டார். அத்தை எழுந்து போனார். வேறு யாரும் எழவில்லை. போட்டோக்காரர் எங்களைப் பார்த்து, "பெண் வீட்டார், ப்ளீஸ், நேரமாகிறது" என்று மறுபடியும் கூப்பிட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அமாக்காவின் அப்பா என் பக்கம் திரும்பினார். அவருக்கு என் பெயர் தெரியாது. மகளை விட்டு ஓர் அடி தள்ளி நின்று, நடுவில் இடம் விட்டார். அமாக்காவின் அம்மா இருந்திருந்தால் நின்றிருக்கக்கூடிய இடம் அது. நான் புடவையைச் சரிசெய்துகொண்டு போய் அங்கே நின்றேன். அமாக்காவின் கை என் கைக்குள் வந்தது, ஜில்லென்று இருந்தது. எதிரே மாப்பிள்ளை வீட்டார் தங்கள் முறைக்காக நெருக்கியடித்துக் காத்திருந்தார்கள், கூட்டத்தின் முன்னால் ங்கோசி. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ங்கோசி அங்கிருந்தபடியே, சிரி, சிரி என்று எனக்குக் கையைக் காட்டினாள்.